குடி நின்றது, ஆட்டம் நிற்கவில்லை

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பெரிய செயலிகள் பண ஆட்டங்களை நிறுத்தின. குடியை விட்ட கையோடு ரம்மியில் விழுந்தவர்களின் வீட்டாரிடமிருந்து வரும் கடிதங்களில், இனி நிம்மதியாக இருக்கலாமா என்ற கேள்விதான் அதிகம்.

குடும்பங்களைக் காக்கும் சட்டம் என்கிறது அரசு. அது பாதி உண்மை. செயலி போய்விட்டது; அதைத் தேடவைத்த ஏக்கம் அப்படியே இருக்கிறது.

குடியும் சூதும் சேர்ந்தே வருவது புதிதல்ல. அமெரிக்காவில் 2005-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில், சூதுக்கு அடிமையானவர்களில் 73 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுப் பிரச்சினையும் இருந்தது தெரியவந்தது. அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தன் நோயறி கையேட்டில் சூதாட்டத்தை மது, அபின் இருக்கும் அதே அத்தியாயத்தில் சேர்த்தது.

ஏன் என்பதற்கு நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குழுவினர் 2003-ல் வெளியிட்ட குரங்கு ஆய்வு ஒரு துப்பு தருகிறது. படத்தைக் காட்டிச் சற்றுப் பொறுத்துப் பழச்சாறு தந்தார்கள். சாறு நிச்சயம் வரும் என்றாலும், வரவே வராது என்றாலும் காத்திருக்கும் நேரத்தில் மூளையின் டோபமைன் செல்கள் அமைதியாக இருந்தன. வரலாம், வராமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பு இருந்தபோதோ அவற்றின் துடிப்பு கடைசி நொடிவரை ஏறிக்கொண்டே போனது. கிளர்ச்சி பரிசில் மட்டும் இல்லை, காத்திருப்பிலும் இருக்கிறது.

அச்சம் தருவது இதுதான். குடிக்கு உடம்பே ஓரளவு தடை போடும்: வாந்தி வரும், தூக்கம் அள்ளும். டாஸ்மாக் கடையும் இரவு 10 மணிக்கு மூடிவிடும். ஆட்டத்துக்கு அந்தத் தடை எதுவும் கிடையாது. ஒவ்வொரு முறை சீட்டு விழும்போதும் நிச்சயமின்மை புதிதாகப் பிறக்கிறது. குடியை விட்ட முதல் சில மாதங்களில் சாப்பாடு, சினிமா, பேச்சு எல்லாமே பலருக்குச் சப்பென்று இருக்கும். அந்த நேரத்தில் கையில் கிடைக்கும் ஆட்டம் எளிதாக ஒட்டிக்கொள்ளும். தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை பண ஆட்டத்துக்குத் தடை விதித்தது, கடை மூடும் நேரம் போல ஓர் இடைவெளி தந்ததால், புத்திசாலித்தனமான விதி.

அதே ஏக்கத்துக்கு வேறு வாசலும் திறந்திருக்கிறது: மத்திய அரசின் புதிய சட்டம் பங்குச்சந்தை ஆப்ஷன் வர்த்தகத்தைத் தொடவில்லை. ஆப்ஷனும் அடங்கிய எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்றே ஆண்டுகளில் நட்டப்பட்டதாக 2024-ல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியே சொன்னது.

மருந்து உண்டா? குடிக்குத் தரும் நால்ட்ரெக்ஸோனைச் சூதுக்கும் சோதித்திருக்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

கைபேசியைப் பிடுங்கினால் போதுமா? போதாது.

மறுவாழ்வு மையத்தில் என்ன கேட்க வேண்டும்? சூதைப் பற்றியும் விசாரிக்கிறார்களா என்று.

உடனே யாரிடம் பேசுவது? அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416.