மலிவு விலை கிராபிக்ஸ் கார்டும் பில்லில் இருக்க வேண்டிய விவரங்களும்

கணினி விளையாட்டின் காட்சிகளை நொடிக்குப் பலமுறை கணக்கிட்டு வரைந்து திரைக்கு அனுப்பும் தனிப் பலகையே கிராபிக்ஸ் கார்டு எனப்படுகிறது. இதன் தொடக்கநிலை வகைகளில் ஒரே பெயரின் கீழ்த் திறன் வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுவது பல ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டதால், பெயரையும் விலையையும் மட்டும் ஒப்பிட்டு வாங்குபவர், தாம் கேட்ட பெயருள்ள கார்டையே பெற்றும் ஏமாறக்கூடும். சட்டம் தரும் பாதுகாப்பும், வாங்கும்போது அவர் எழுத்தில் பெற்ற விவரங்களின் அளவுக்கே கைகொடுக்கிறது.

என்விடியா நிறுவனத்தின் ஜிடி 1030 இதற்குத் தெளிவான சான்று. 2017 மே மாதம் வெளிவந்தபோது அதில் ஜிடிடிஆர்5 என்னும் வேகமான நினைவகம் இருந்தது. 2018இல் அதே பெயரில், கணினியின் பொது நினைவகத்துக்குப் பயன்படும் டிடிஆர்4 வகை பொருத்தப்பட்ட இன்னொரு கார்டு ஆரவாரமின்றிச் சந்தைக்கு வந்தது. இரண்டிலும் கணக்கிடும் கோர்கள் 384தான், நினைவகத்துக்கான பாதையின் அகலமும் 64 பிட்தான். ஆனால் முன்னதில் நொடிக்கு 48 ஜிகாபைட் அளவுக்குத் தரவு பாய, பின்னதில் அது 16.8 ஜிகாபைட்டாகச் சுருங்கியது. வரைய வேண்டிய தரவு நினைவகத்திலிருந்து வந்து சேரும்வரை கோர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதால், பல விளையாட்டுகளில் பின்னதன் வேகம் முன்னதில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. இரண்டிலும் 2 ஜிபி என்றே எழுதியிருப்பதால், நினைவகத்தின் அளவை மட்டும் கேட்டு வாங்குபவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது. ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரின் உள்ளேயே அமைந்த வரைகலைப் பகுதி நல்ல ஜிடி 1030க்கு ஏறத்தாழ ஈடு என்பதால், அத்தகைய கணினி வைத்திருப்பவர் இரண்டில் எதையும் வாங்கத் தேவையில்லை.

ஏஎம்டி நிறுவனமும் இதில் பின்தங்கவில்லை. 1024 கோர்களுடன் அறிமுகமான ஆர்எக்ஸ் 560, பின்னர் 896 கோர்களுடனும் அதே பெயரில் விற்கப்பட்டது. 2017 இறுதியில் விமர்சனம் எழுந்த பிறகே நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, விவரங்களைத் தெளிவாக்குவதாகக் கூறியது. 2022 தொடக்கத்தில் 8 ஜிபி நினைவகம், 2560 கோர்கள், 128 பிட் பாதை ஆகியவற்றுடன் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050, 2024 பிப்ரவரியில் 6 ஜிபி, 2304 கோர்கள், 96 பிட் என்று குறைந்த வடிவிலும் வந்தது. இந்தப் பிந்தைய கார்டைக் குறை சொல்வதற்கில்லை; 70 வாட் மின்சாரத்தில் இயங்குவதால் பழைய அலுவலகக் கணினிகளுக்கு அது பொருத்தமானதே. குறை, இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, வேறுபாட்டை நினைவகத்தில் மட்டும் இருப்பதுபோல் காட்டியதில்தான் உள்ளது.

கார்டு பெயருக்கேற்ப இருந்தாலும், வாங்குபவரின் மதர்போர்டில் அது முழுத் திறனைக் காட்டும் என்ற உறுதி இல்லை. கார்டும் மதர்போர்டும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு பிசிஐ எக்ஸ்பிரஸ் எனப்படுகிறது. அதன் ஒவ்வொரு தலைமுறையிலும் தடம் ஒன்றின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்கு நான்காம் தலைமுறையில் நான்கு தடங்கள் மட்டுமே தரப்பட்டன. மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் செருகினால் அந்தப் பாதையும் பாதியாகிவிடுகிறது. 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் தரவு அந்தக் குறுகிய வழியே போய்வர வேண்டியிருப்பதால் விளையாட்டு தடுமாறுகிறது. மலிவுக் கார்டைத் தேடுபவரிடமே பழைய மதர்போர்டு இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை எண்ணினால், இந்த வடிவமைப்பு யாருக்காக என்ற கேள்வி எழாமல் இல்லை. இன்டெல் ஆர்க் ஏ380க்கும் இதுபோல ஒரு நிபந்தனை உண்டு: ரீசைசபிள் பார் என்னும் வசதி, அதாவது கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடும் ஏற்பாடு, மதர்போர்டில் இல்லையென்றால் அதன் வேகம் பெரிதும் குறையும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, மதர்போர்டின் செருகுவாய் 75 வாட் வரை தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து தனி வயர் வேண்டும் என்பதால், அந்த வயர் உள்ளதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

போலிகள் வேறு வகையான ஆபத்து. 2010ஆம் ஆண்டைச் சேர்ந்த ஜிடிஎஸ் 450 போன்ற பழைய கார்டுகளின் பயாஸ், அதாவது கார்டு தன்னை இன்னதென்று கணினிக்கு அறிவிக்கும் உள்மென்பொருள், திருத்தப்பட்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பெயரில் விற்கப்பட்டுள்ளன. திருத்தப்பட்ட பெயரையே விண்டோஸும் காட்டும் என்பதால் அதை நம்பிப் பயனில்லை. ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள், 2018 முதல் இத்தகைய போலிகள் பலவற்றைச் சிப்பின் அடையாளத்தைக் கொண்டே கண்டறிந்து எச்சரிக்கிறது. கோர்களின் எண்ணிக்கை, நினைவகத்தின் வகை, பாதையின் அகலம் ஆகியவற்றையும் அது காட்டுவதால், கார்டு கைக்கு வந்த நாளிலேயே அதை இயக்கித் திரையைப் படமெடுத்து வைப்பது பின்னர் சான்றாக உதவும்.

இந்தியாவில் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை வாங்குபவருக்கு அளிக்கிறது. பில் தர மறுப்பதையும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அவ்வாறு குறிக்கப்படாதபோது 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் அச்சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதால் இந்த உரிமை மறைந்துவிடாது. 18 விழுக்காடு ஜிஎஸ்டியைத் தவிர்க்க எஸ்டிமேட் சீட்டோடு திரும்புபவர், அந்தச் சேமிப்புக்கு ஈடாகத் தம் முதன்மைச் சான்றையே விட்டுக்கொடுக்கிறார். ‘கிராபிக்ஸ் கார்டு 2 ஜிபி’ என்று மட்டும் எழுதிய பில்லும் பெரிதாக உதவாது. தயாரிப்பாளரின் முழு மாடல் எண், நினைவகத்தின் வகை, சீரியல் எண், வாரண்டிக் காலம், அதை ஏற்கும் இறக்குமதியாளரின் பெயர் ஆகியவை அதில் இருந்தால்தான், கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு என்பதை நிறுவ முடியும்.

இணையவழி விற்பனைக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் பொருந்தும். விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஆகவே விற்பனைப் பக்கம் பின்னர் திருத்தப்படுவதற்கு முன் அதன் படத்தையும் சேமித்துக்கொள்வது நல்லது.

இவற்றால் பயன் கிட்டாதபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதன் பிறகும் தீராவிட்டால், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். தேவைப்பட்டால் கார்டை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும், மாற்றுப் பொருள், பணம், இழப்பீடு ஆகியவற்றை வழங்க உத்தரவிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆயினும் வணிகமாகச் செய்யாத தனிநபரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார்டுக்கு இந்த வழி எளிதில் திறப்பதில்லை. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்குபவரும் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தம் பிழைப்புக்காகத் தாமே கேமிங் சென்டர் நடத்துபவர், சுயதொழிலுக்கு அச்சட்டம் தரும் விலக்கின்படி, நுகர்வோராகப் புகார் செய்ய இடமுண்டு.