நாய் மேல் ஒன்று, புல் மேல் ஒன்று

முகப்பேர் ஏரித் திட்டத்தில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு எதிர்வீட்டுக்காரர் காலை ஆறே காலுக்கு நாயோடு வந்துவிடுவார். நாட்டு நாய். ஒரு மழைக்காலத்தில் அவர் வாசலில் வந்து படுத்தது, மழை விட்டும் போகவில்லை. போன வாரம் அதன் காதை மடித்துக் காட்டினார். உள்ளே ஆமணக்கு விதை மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பிய உண்ணி ஒன்று. பக்கத்தில் நாலைந்து சிறிசுகள்.

"பொண்ணு கனெக்டிகட்ல இருக்கா சார். வீடியோ கால்ல இதப் பாத்துட்டு ஒரே அலறல். 'லைம் வந்துரும்பா, உடனே டாக்டர்கிட்ட போ'ங்கிறா. லைம்னா என்ன, சுண்ணாம்பா, எலுமிச்சையா?"

இரண்டும் இல்லை, ஊர்ப் பெயர். மாஸ்டரிடம் இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் இருக்கும் அதே கனெக்டிகட் மாநிலத்தில்தான் லைம் என்ற ஊர் இருக்கிறது. 1970களின் நடுவில் அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு முட்டி வீங்கத் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் எப்படி இத்தனை குழந்தைகளுக்கு மூட்டுவாதம் என்று தாய்மார்கள்தான் விடாமல் கேட்டார்கள். 1975இல் மருத்துவர்கள் ஆராய வந்தார்கள். 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி அந்தக் கிருமியை மான் உண்ணியின் வயிற்றில் கண்டுபிடித்தார். கிருமிக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. அந்த உண்ணியின் இளம் பருவம் கசகசா அளவுதான் இருக்கும். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் ஒன்று பரவலாம். பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக்கிடந்தால்தான் கிருமி உடம்புக்குள் இறங்கும். அதனால்தான் அங்கே காட்டுப் பக்கம் நடந்துவிட்டு வருபவர்கள் அன்றன்றே உடம்பைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மகளின் பயம் அவள் ஊருக்கு நியாயம். ஆனால் அந்த மான் உண்ணிக்கு ஈரமும் குளிருமான காடு வேண்டும். முகப்பேர் நாயின் காதில் இருப்பது வேறு சாதி, பழுப்பு நாய் உண்ணி. அதற்கும் லைமுக்கும் சம்பந்தம் இல்லை. நம் நாட்டில் உண்ணிக்காக நிஜமாகவே அஞ்ச வேண்டிய காடுகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழ, பின்னாலேயே மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்ததே, அந்தக் குரங்குக் காய்ச்சல் இன்றும் ஓயவில்லை. சிவமொக்கா பக்கம் மலையேறப் போகிறவர்கள் அதைப் பற்றி விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

"அப்ப பயமில்லன்னு சொல்லுங்க."

"இருக்கு சார். ஆனா நீங்க பாக்குற எடத்துல இல்ல. மொதல்ல நாயைப் பேசி முடிச்சுருவோம்."

நாய் உண்ணி தன் ஆயுளில் மூன்று முறை ரத்தம் குடிக்கும். குஞ்சாக ஒரு முறை, இளசாக ஒரு முறை, வளர்ந்தபின் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் வயிறு நிறைந்ததும் நாயை விட்டு இறங்கிவிடும். இறங்கியது ஏறப் பார்க்கும் என்பதுதான் இதன் விசித்திரம். சுவர் வெடிப்பு, கதவுச் சட்டம், திரைச்சீலை மடிப்பு என்று மேல்நோக்கித்தான் போகும். வயிறு நிறைந்த பெட்டை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணியோ பட்டினியாகவே மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆக, நாயின் மேல் நாம் எண்ணுவது ஒரு பங்கு, வீட்டுக்குள் ஒளிந்திருப்பது பல பங்கு. வாரா வாரம் நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு 'திரும்பத் திரும்ப வருதே' என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில். படுக்கையை வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும், வெடிப்புகளைப் பூச வேண்டும்.

நாய்க்கு இது வெறும் அரிப்பு அல்ல. சென்னையில் நாய் வளர்ப்பவர்கள் 'டிக் ஃபீவர்' என்பார்களே, அது பெரும்பாலும் எர்லிக்கியா என்ற கிருமியின் வேலை. பேபீசியா என்று இன்னொன்று, ரத்தச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும். சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்புவது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர், இவற்றில் எது தெரிந்தாலும் நாளை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியோ தெருவில் இருக்கும் கால்நடை டாக்டரோ, ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்வார்கள். வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமாலை உடைத்துக் கொடுப்பது நாய்க்கு விஷம்.

மருந்தும் அப்படித்தான். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய் மேல் ஊற்றுகிறவர்கள் உண்டு. நாய் நக்கிவிட்டு வாயில் நுரை தள்ளிய பிறகு ஓடுவார்கள். இப்போது மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மெல்லக் கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, கழுத்துப் பின்புறம் விடும் சொட்டு மருந்துகள் இருக்கின்றன. நாயின் எடைக்குத் தக்கபடி டாக்டர் சொல்வார். வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால் நாய் மருந்து அதன் மேல் படக் கூடாது, சில நாய் மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

எதிர்வீட்டுக்காரர் அதற்குள் உண்ணியை நகத்தால் கிள்ளப் போனார். கையைப் பிடித்தேன். ஊதுவத்தியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது, நகத்தில் வைத்து நசுக்குவது எல்லாம் நம் வீட்டுப் பழக்கங்கள். எல்லாமே தப்பு. பிளக்கரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட வேண்டும். நாய் உண்ணியிலிருந்து மனிதருக்கும் ஒரு புள்ளிக் காய்ச்சல் வரக்கூடும். அபூர்வம்தான், ஆனால் நசுக்கிய கையைக் கண்ணில் வைப்பானேன்?

இரண்டாவது டீ வந்தது. கிளாஸின் அடியில் டஸ்ட் டீத்தூள் கொஞ்சம் தங்கியிருந்தது. அதில் ஒரு துணுக்கைக் காட்டி, "இதவிடச் சின்னதா ஒண்ணு இருக்கு சார். உங்களுக்கு ஆபத்து அதுதான்" என்றேன்.

ஸ்க்ரப் டைபஸ். பத்திரிகைகள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகின்றன. அந்தப் பெயர்தான் எல்லோரையும் நாயின் காதைப் பார்க்க வைக்கிறது. கடிப்பது உண்ணியே அல்ல. மண்ணில் வாழும் ஒரு நுண்ணிய சிலந்திப்பேனின் குஞ்சு, சிகர் என்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆறு கால், செம்மஞ்சள் நிறம். வளர்ந்தபின் யாரையும் கடிக்காது, மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று வாழும். குஞ்சாக இருக்கும்போது ஒரே ஒரு முறை எலி மேலோ மனிதர் மேலோ ஏறி, தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும். தாய் முட்டை வழியே கொடுத்த கிருமி அப்போது நமக்குள் இறங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் சிப்பாய்களைச் சாய்த்த நோய் இதுதான்.

காடு எங்கே, முகப்பேர் எங்கே என்று கேட்கலாம். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு காலி மனை, முழங்கால் உயரப் புல், ஓரத்தில் கொட்டிய குப்பை, குப்பைக்கு வந்த எலி. சிகருக்கு இது போதும். 2025 ஜனவரியில் பொது சுகாதாரத் துறை எச்சரித்தபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. மழை தொடங்கி மாசிப் பனி வரை இதன் காலம். டெங்குவுக்கும் அதுவே காலம் என்பதுதான் சிக்கல். இரண்டிலும் தலைவலி, உடம்புவலி, தட்டணு குறைவு. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை என்று ரிப்போர்ட் வரும், காய்ச்சல் மட்டும் இறங்காது.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கருப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு நாடா படும் இடம், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று, கூச்சத்தால் நாம் டாக்டரிடம் காட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். எல்லோருக்கும் இருக்காது, ஆனால் இருந்தால் பாதி நோய் கண்டுபிடித்தாயிற்று. நான்கைந்து நாள் காய்ச்சல் விடவில்லையா, உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு 'ஸ்க்ரப் டைபஸ் பாக்கலாமா டாக்டர்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். இந்தக் கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வது. பென்சிலின் வகை ஊசி எத்தனை போட்டாலும் அசையாது. விலை மலிவான டாக்சிசைக்ளினுக்கும் அசித்ரோமைசினுக்கும்தான் மசியும். முற்றிப்போய் நுரையீரலையோ மூளையையோ தொட்டுவிட்டால் அந்த இரண்டையும் சேர்த்து ஏற்றுவதே மேல் என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. அது வரை விடுவானேன்?

தவிர்ப்பதற்கு வித்தை ஒன்றுமில்லை. புல்லில் உட்காராதீர்கள். துவைத்த துணியைச் செடி மேல் உலர்த்தாதீர்கள். புல் பக்கம் போய்விட்டு வந்தால் உடையை மாற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். காலி மனைக்காரரைத் தேடிப்பிடித்துப் புல்லை வெட்டச் சொல்வதுதான் கஷ்டம். எங்கள் தெருவில் ஒருவர் துபாயில் இருக்கிறார், இன்னொருவர் கோர்ட்டில் இருக்கிறார்.

எதிர்வீட்டுக்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஹவாய் செருப்பு, மடித்துக் கட்டிய லுங்கி. தினமும் அந்தக் காலி மனைக்குள் நாய் மோந்து முடிக்கும்வரை பத்து நிமிஷம் நிற்கிறவர் அவர்.

மறுநாள் ஷூவும் சாக்ஸும் போட்டு, அதன் மேல் லுங்கியோடு வந்தார். மாஸ்டர் சிரித்தார். நாய் வழக்கம்போல் காலி மனைப் பக்கம் இழுத்தது. அவர் தார் ரோட்டிலேயே நின்றுகொண்டு, கயிறைச் சுருட்டிப் பிடித்து, அதனோடு வாதாடிக்கொண்டிருந்தார்.