மின்சாரத்தை மறிக்கும் அணு வரிசை

திண்டுக்கல் வட்டார ரெட்டியார்சத்திரம் தோட்டங்களில் பம்புசெட்டுக்கு மின்சாரம் கொண்டுவருவது அலுமினியக் கம்பி. அதே அலுமினியத்துடன் செம்பையும் இரும்பையும் குறிப்பிட்ட விகிதத்தில் உருக்கி, முறையாகக் குளிரவைத்தால், மின்சாரத்தை எளிதில் விடாத கலவை ஒன்று கிடைக்கும். மூன்றுமே மின்சாரம் கடத்தும் உலோகங்கள்தான். மறிப்பது, அணுக்கள் அமர்ந்திருக்கும் வரிசை.

சாதாரண உலோகத்தில், தரையில் ஒரே டைல்ஸைப் பதித்ததுபோல் அணுக்கள் சீராக அடுக்கப்பட்டிருக்கும். எலக்ட்ரான் அலையாகப் பரவுவதால் அதில் தடையின்றிப் போகும். அணுக்கள் தாறுமாறாக இருந்தால், சிதறும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, எலக்ட்ரான் ஓரிடத்திலேயே முடங்கக்கூடும் என்று 1958இல் காட்டினார் பிலிப் ஆண்டர்சன். 1977இல் நோபல் பரிசும் பெற்றார். 1979இல் அவரும், சென்னையில் பிறந்த டி.வி. ராமகிருஷ்ணனும் உள்ளிட்ட நால்வர் இதை மேலும் கூர்மையாக்கினர்: மெல்லிய படலத்தில் சிறு ஒழுங்கின்மையே எலக்ட்ரானை முடக்கப் போதும், கனமான பொருளில் அது ஓர் எல்லையைத் தாண்ட வேண்டும்.

சீரான அடுக்குக்கும் தாறுமாறான அடுக்குக்கும் நடுவே மூன்றாவது வகை உண்டு. அதில் விதி இருக்கும்; ஆனால் வரிசை திரும்ப வராது. இத்தகைய குவாசிபடிகத்தை 1982இல் அலுமினியம்-மாங்கனீசு கலவையில் கண்டார் டான் ஷெக்ட்மன். 2011இல் அவருக்கு நோபல் கிடைத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதன், கே. சட்டோபாத்யாய குழுவும் 1985இல் பத்து மடங்குச் சமச்சீர் கொண்ட வகையை இனங்கண்டது.

வரிசை திரும்ப வராத அத்தகைய விதி ஒன்றை நம் குறில், நெடிலைக் கொண்டே எழுதிப் பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் நெடிலை ‘நெடில், குறில்’ என மாற்றுங்கள், குறிலை நெடிலாக்குங்கள். நெ, நெகு, நெகுநெ, நெகுநெநெகு என வளரும். நீளம் 1, 2, 3, 5, 8. இரண்டு குறில் அடுத்தடுத்து வராது. எவ்வளவு நீட்டினாலும் ஒரே துண்டே மீண்டும் மீண்டும் வரும் வரிசையாக அது மாறாது. இதே வரிசையில் அமைந்த அணுச் சங்கிலியில் எலக்ட்ரான் முழுதாக ஓடவும் செய்யாது, முழுதாக முடங்கவும் செய்யாது.

நிஜக் கலவையில் இதன் விளைவு வியப்பானது. சாதாரண உலோகத்தில் குறைபாடு குறையக் குறைய மின்தடையும் குறையும். அலுமினியம்-செம்பு-இரும்பு குவாசிபடிகத்திலோ, குறைபாடு நீங்க நீங்க மின்தடை ஏறும், சூடாக்கினால் இறங்கும்.

எந்த உலோகம் என்பதோடு, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் மின்கடத்தலைத் தீர்மானிக்கிறது. இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். திண்டுக்கல் வட்டார இயற்பியல் மாணவர்களே, இந்தக் குறில்-நெடில் சங்கிலியை ஓர் அணியாக (matrix) எழுதி, கல்லூரிக் கணினியில் தீர்த்துப் பாருங்கள்.