முடி எண்ணெய் விற்கும் நாம் கேட்காத கேள்வி

பென்சிக் கடை நடத்தும் சகோதரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடையில் தேங்காத சரக்கு ஒன்று இருக்குமானால் அது முடி எண்ணெய்தான். பெருநாள் முடிந்தால் உடுப்பு வியாபாரம் படுத்துவிடும். பாடசாலை தொடங்கிவிட்டால் புத்தகப் பை போகாது. ஆனால் "முடி கொட்டுது, நல்ல எண்ணெய் ஒன்று தாங்க" என்று வரும் பெண்கள் பன்னிரண்டு மாதமும் வருவார்கள். இருபத்தைந்து வருடங்களாக இந்த எண்ணெய்களைப் புறக்கோட்டையில் மொத்தமாக எடுத்து விற்று வருகிறேன். டசினுக்கு ஒரு போத்தல் இலவசம் என்று சொன்ன கம்பனியின் எண்ணெய்தான் அந்த மாதம் என் வாயில் நல்ல எண்ணெய். இதை மறைத்துப் பயனில்லை.

சில வருடங்களுக்கு முன் என் மகளின் தலை வகிடு அகன்றிருப்பதை என் மனைவி காட்டினார். மகளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வெளியே போகும்போது தலை மூடியிருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. வீட்டிலுள்ள எனக்கும் தெரியவில்லை என்பதுதான் வெட்கம். "வாப்பா, ஒங்கட கடை எண்ணெயத்தான் ரெண்டு வருஷமா பூசுறேன்" என்றாள். நாலு வகை மாற்றியிருக்கிறாள். போதாததற்கு என் இராக்கையில் இருந்த பயோட்டின் மாத்திரையும் எடுத்திருக்கிறாள்.

தோல் வைத்திய நிபுணரான ஒரு பெண் டொக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முகத்தில் முடி வளர்கிறதா, பரு இருக்கிறதா, உடம்பு கூடியதா என்றுதான் கேட்டார். மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது என்பது தாய்க்குத் தெரியும். முடி கொட்டுவது மகளுக்குத் தெரியும். எண்ணெய் விற்பவன் நான். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. தைரொயிட், இரும்புச் சத்துச் சேமிப்பு, ஹோர்மோன் எல்லாவற்றுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதினார். பயோட்டினைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட்டு வரச் சொன்னார். அதிக அளவு பயோட்டின் உடம்பில் இருந்தால் தைரொயிட் முடிவு பிழையாக வரலாமாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல் இது பற்றி எச்சரித்திருக்கிறது. அந்த மாத்திரையை இத்தனை காலம் விற்ற எனக்கு அன்றுதான் தெரியும்.

முடிவில் அது சினைப்பையோடு தொடர்பான பொலிசிஸ்டிக் ஒவரி என்ற ஹோர்மோன் கோளாறு. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது உண்டு என்றார் டொக்டர்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ஆண் ஹோர்மோன் பெண்ணின் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறது. சிலருக்கு அது கூடும். சிலருக்கு அளவு சரியாகவே இருந்தும் முடி வேர் அதைத் தாங்காது. அந்த வேரிலிருந்து ஒவ்வொரு முறையும் முளைக்கும் முடி முன்னையதைவிட மெல்லியதாக, குட்டையாக வரும். ஆண்களுக்கு நெற்றி ஏறும். பெண்களுக்கு நெற்றி ஓரம் பெரும்பாலும் அப்படியே நிற்க, வகிடு அகலும், உச்சி தெரியத் தொடங்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் இது கூடுவதுண்டு. லுட்விக் என்ற வைத்தியர் 1977இல் இதை மூன்று படிகளாகப் பிரித்து எழுதினார். இன்றும் டொக்டர்மார் அதைத்தான் பார்க்கிறார்கள். முதற்படியில் வந்தால் காப்பாற்ற நிறைய இருக்கும். என் மகள் இரண்டு வருடத்தை என் போத்தல்களில் கழித்துவிட்டாள்.

இன்னொரு வகை உதிர்வு இருக்கிறது. நம் வியாபாரமே அதில்தான் நிற்கிறது. பிள்ளை பெற்று இரண்டு முதல் நான்கு மாதத்தில் தாய்மாருக்கு முடி கொத்தாக வரும். கர்ப்ப காலத்தில் ஹோர்மோன் பிடித்து வைத்திருந்த முடிதான் அது. கடும் காய்ச்சல், சத்திர சிகிச்சை, திடீரென உடம்பு மெலிதல் ஆகியவற்றுக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி வரும். பெரும்பாலும் தானாகவே திரும்பி வளர்ந்துவிடும். பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது அநேகருக்குச் சரியாகிவிடும். இடையில் அந்தத் தாய் நம்மிடம் ஐந்தாறு போத்தல் வாங்கியிருப்பார். நற்பெயர் முழுவதும் எண்ணெய்க்கு. அவர் நாலு பேருக்குச் சொல்வார், அந்த நாலு பேரில் ஒருத்தி என் மகளைப் போன்றவளாக இருப்பாள்.

எண்ணெயைக் குற்றம் சொல்ல வரவில்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊறி அதன் புரதம் கழிந்து போவதைக் குறைக்கும், முடி முறியாமல் காக்கும். ஆனால் முடி வளர்வது தோலுக்குக் கீழே. அங்குள்ள ஹோர்மோன் விஷயத்துக்கு எண்ணெய் பதில் அல்ல.

நிரூபிக்கப்பட்ட பூச்சு மருந்து மினொக்சிடில். இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை அது. குடித்தவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைக் கண்டு பூச்சாக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் ஆண்களுக்கும் 1991இல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் செல்லும். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். பயந்து நிறுத்துவோர் அப்போதுதான் நிறுத்துகிறார்கள். பலன் கிடைத்த பின் நிறுத்தினாலும் கிடைத்தது போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பாவிக்கக் கூடாது. ஆகவே அது டொக்டர் சொல்லிப் பாமசியில் வாங்க வேண்டிய மருந்து. நம் இராக்கையில் வைக்கும் சரக்கல்ல. உள்ளே குடிக்கும் ஹோர்மோன் மாத்திரைகளில் சில, வயிற்றிலுள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கும். கணவனுக்கு எழுதிய மாத்திரையை மனைவியும் குடிப்பது அதனால் ஆபத்து.

இப்போது என் கடையில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு கேள்வி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவள் பெண் என்பதால் கேட்க முடிகிறது. எப்போது தொடங்கியது, அதற்கு முன் பிள்ளைப்பேறோ காய்ச்சலோ இருந்ததா என்பது ஒன்று. வகிடு அகன்றிருக்கிறதா, மாதவிடாய் ஒழுங்கா என்பது மற்றது. இரண்டாவதற்கு ஆம் இல்லை என்று தடுமாறினால் எண்ணெய் விற்கலாம், ஆனால் டொக்டரிடம் போங்கள் என்று சொல்லித்தான் விற்க வேண்டும். வட்ட வட்டமாகக் கொட்டினாலும், தலைத்தோல் எரிந்தாலும் தாமதிக்க வேண்டாம் என்பாள். ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி விழுவது வழமை என்று கேட்டுச் சிலர் வெறுங்கையோடு சந்தோஷமாகப் போகிறார்கள்.

"மூன்று வாரத்தில் முடி வளரும்" என்ற பெரிய படத்தையும் கழற்றிவிட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவது வர்த்தகரின் குற்றம். படம் கம்பனியுடையது என்று சொல்லி நாம் தப்பலாமென நான் நம்பவில்லை. கம்பனிப் பிரதிநிதிக்குக் கோபம். டசினுக்கு ஒன்று இலவசம் நின்றுவிட்டது. அந்த வரிசையில் வியாபாரமும் குறைந்திருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

மகளுக்கு எட்டு மாதத்துக்குப் பிறகு வகிடு கொஞ்சம் ஒடுங்கியது. பழையபடி வரவில்லை, வராது என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் கடைக்கு வந்தால் சாதாரண தேங்காய் எண்ணெய் ஒரு போத்தல் எடுத்துப் போவாள். காசு கொடுத்துத்தான் எடுக்கிறாள்.