மூளை மட்டும் போதுமா?



நம் பெங்களூர் நகரில், டவுன் ஹாலுக்கு அருகில், எஸ்.பி. ரோடு என்று ஒரு தெரு உண்டு. சாதர் பத்ரப்பா சாலை என்பது அதன் முழுப்பெயர். குறுகிய தெருதான்; ஆனால் கணினிக்கு வேண்டிய எந்த உறுப்பும் அங்கே கிடைக்கும். கடை வாயிலில் நின்று அழைப்போரும், பெட்டி சுமந்து செல்வோரும், விலை பேசுவோருமாக எந்நேரமும் கூட்டம். புதிதாகப் போகிறவனுக்குத் தலை சுற்றும். எனக்கும் சுற்றியது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், முதலாண்டு மாணவனாக இருந்தபோது, 45,000 ரூபாயுடன் அத்தெருவில் நுழைந்தேன். அது என் பணம் அன்று. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆலையில் கணக்கெழுதும் என் தமக்கையார் தம் சேமிப்பிலிருந்து அனுப்பியது. "படிப்புக்கும் ஆகட்டும், நீ ஆசைப்படும் விளையாட்டுக்கும் ஆகட்டும்" என்று சொல்லியிருந்தார்.

கணினியின் மூளை நுண்செயலி. மூளை பெரிதாக இருந்தால் மற்றவை தாமே அமையும் என்பது அன்று என் எண்ணம். கடைத்தெருவில் புராசஸர் என்று வழங்கும் அந்த நுண்செயலியில், எட்டுக் கோர்கள் கொண்ட உயர்ந்த வகை ஒன்றை வாங்கினேன். பணத்தில் பாதி அதற்கே போயிற்று. மிச்சத்தில் தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி, பெட்டி ஆகியவற்றை எப்படியோ வாங்கிவிட்டேன். கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுதிக்குத் திரும்பினேன்.

இரவெல்லாம் உட்கார்ந்து பூட்டினேன். பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையோ கருத்தே கிடந்தது! நான் வாங்கிய நுண்செயலியின் பெயர் 'எஃப்' என்னும் எழுத்தில் முடிந்திருந்தது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒரு புள்ளிகூடக் காட்டாது என்பதே அவ்வெழுத்தின் பொருள். மறுநாள் கடைக்குப் போனேன். பெட்டி பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். அன்று மாலை அக்கா தொலைபேசியில், "தம்பி, கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறதா?" என்று கேட்டார். "ஓடுகிறது அக்கா" என்றேன். நான்கு மாதம் அந்தப் பொய்யோடு இருந்தேன். நான் பட்டது உங்களில் ஒருவரும் படவேண்டா என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இருவர் செய்யும் வேலை

நம் விடுதி உணவுக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் வாயிலில் நின்று, யாருக்கு எத்தனை தோசை, எது முறுகல், எது மசாலா என்று கணக்கெடுத்து உள்ளே சொல்கிறார். உள்ளே சிலர் கல்லில் தோசை வார்க்கிறார்கள். கணக்கெடுப்பவர் எவ்வளவு விரைவானவராயினும், உள்ளே ஒரே ஒரு கல் இருந்தால் வரிசை நகருமா? கல் பத்து இருந்தும் கணக்கெடுப்பவர் மந்தமானவராயின் பயன் உண்டா?

கணினி விளையாட்டில் கணக்கெடுப்பவர் நுண்செயலி. வீரன் எங்கே நிற்கிறான், எதிரி என்ன செய்யப் போகிறான், எறிந்த குண்டு எங்கே விழும் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டு, 'இதை வரை' என்று ஏவுவது அதன் தொழில். தோசை வார்ப்பவர் கிராபிக்ஸ் கார்டு. ஏவியதைப் புள்ளி புள்ளியாக வரைவது அதன் தொழில்.

நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. இருவரும் தத்தம் வேலையை அதற்குள் முடித்தாக வேண்டும். எவர் பிந்துகிறாரோ, அவருடைய வேகமே ஆட்டத்தின் வேகம். மற்றவர் காத்துக்கிடப்பார். அவருக்குக் கொடுத்த பணமும் அவரோடு காத்துக்கிடக்கும்.

யார் பிந்துகிறார் என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. 1920க்கு 1080 அளவுள்ள படத்தில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள். 3840க்கு 2160 அளவில் அதைப்போல் நான்கு மடங்கு. புள்ளி கூடினால் கார்டின் வேலை கூடும். நுண்செயலியின் வேலை பெரும்பாலும் மாறாது. ஆகவே, ஆட்டத்தில் பட அளவைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் தடை கிராபிக்ஸ் கார்டு. கூடாமல் அப்படியே நின்றால் தடை நுண்செயலி. வாங்குமுன் நண்பர் ஒருவர் கணினியில் நீங்கள் விரும்பும் ஆட்டத்தை ஓட்டி இதைச் செய்து பார்க்கலாம்.

ஆட்டத்துக்கு ஆட்டம் இது வேறுபடும். கவுண்டர் ஸ்டிரைக் 2, வாலரண்ட் போன்ற போட்டி ஆட்டங்களில் நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் வேண்டுவோர்க்கு நுண்செயலியே முதன்மை. சைபர்பங்க் 2077 போலக் காட்சி நிறைந்த கதையாட்டங்களில் கார்டின் பங்கே பெரிது. உங்கள் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும் என்றால், 200 படம் தரும் நுண்செயலியை வாங்கி என் செய்வது?

எண்ணைக் கண்டு மயங்கவேண்டா

கோர் எத்தனை, கிகாஹெர்ட்ஸ் எத்தனை என்று மட்டும் பார்ப்பது நம்மவர் வழக்கம். 2013-ஆம் ஆண்டு ஏ.எம்.டி. நிறுவனம் எஃப்.எக்ஸ். 9590 என்ற நுண்செயலியை வெளியிட்டது. எட்டுக் கோர், உச்ச வேகம் 5 கிகாஹெர்ட்ஸ், வெப்ப அளவு 220 வாட். அதே நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ரைசன் 5 5600-க்கு ஆறு கோர்தான். உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ், வெப்ப அளவு 65 வாட். எண்ணை மட்டும் கண்டவர் முன்னதையே எடுப்பார். ஆட்டத்திலோ பின்னது வெகுதூரம் முந்திப் போகும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதும், அருகிலேயே எவ்வளவு தற்காலிக நினைவு இருக்கிறது என்பதும் கிகாஹெர்ட்ஸ் எண்ணில் தெரிவதில்லை.

'ஐ7' என்ற பெயரும் அப்படியே. 2017-இல் வந்த ஐ7 7700கே-க்கும், 2022-இல் வந்த ஐ3 12100-க்கும் நான்கு கோர்களே. ஆயினும் ஆட்டங்களில் இளைய ஐ3 மூத்த ஐ7-ஐ முந்துகிறது. போதாக்குறைக்கு, அந்த ஐ7 விண்டோஸ் 11-இன் ஏற்புப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 'ஐ7, மலிவு விலை' என்று யாரேனும் அழைத்தால், எந்த ஆண்டின் ஐ7 என்று கேளுங்கள்.

பெயரின் கடைசி எழுத்தே என்னை வீழ்த்தியது. இன்டெல் வரிசையில் 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. 'கே' என்றால் வேகத்தை நாமே உயர்த்திக்கொள்ளலாம். ஏ.எம்.டி. வரிசையில் 'ஜி' என்றால் பயன்படத்தக்க கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு. இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. ரைசன் 5 5600 என்ற பெயரில் 'எஃப்' இல்லை. ஆயினும் அதனுள் கிராபிக்ஸ் இல்லை! 5600ஜி என்றிருந்தால்தான் உண்டு.

பலகையும் நினைவகமும்

நுண்செயலி தனியே வருவதில்லை. தனக்கேற்ற தாய்ப்பலகையையும் நினைவகத்தையும் உடன் இழுத்துக்கொண்டு வரும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பலகைகள் டி.டி.ஆர்.4 நினைவகம் கொள்வன. 2022-இல் வந்த ஏ.எம்.5 பலகைகள் டி.டி.ஆர்.5 மட்டுமே கொள்வன. இன்டெல்லின் எல்.ஜி.ஏ.1700 பலகைகளில் இரண்டு வகையும் உண்டு; ஒரு பலகை ஒரு வகையையே ஏற்கும். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவக விலைகள் கடுமையாக ஏறின. ஆகவே முதலில் நினைவகத்தின் விலையைக் கேளுங்கள்; பிறகு நுண்செயலியைத் தேருங்கள். நினைவகத்தை ஒரே துண்டாக வாங்காமல் 8 கிகாபைட் துண்டு இரண்டாக வாங்குவது நன்று. உள்ளே அமைந்த கிராபிக்ஸை நம்பி ஆடுவோர்க்கு இது மிக இன்றியமையாதது. அதற்குத் தனி நினைவகம் இல்லை, பொது நினைவகத்திலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது.

எவருக்கு எது?

கிராபிக்ஸ் கார்டு வாங்க இப்போது வழியில்லை என்போர் 'ஜி' வகையை நாடலாம். ரைசன் 5 5600ஜி சிக்கனமானது. 2024-இல் வந்த 8600ஜி அதைவிட நன்றாக ஆட்டம் காட்டும், ஆனால் டி.டி.ஆர்.5 கேட்கும். 5600ஜி-யின் தற்காலிக நினைவு 16 மெகாபைட், 5600-க்கு 32. பிற்காலத்தில் நல்ல கார்டு பூட்டும்போது அந்தக் குறை தெரியும்.

கார்டும் சேர்த்தே வாங்குவோர்க்கு ஐ3 12100எஃப், ஐ5 12400எஃப், ரைசன் 5 5600 ஆகிய மூன்றில் ஒன்று போதும். முதலாவது நான்கு கோர். புதிய ஆட்டங்கள் சிலவற்றில் திணறும். மற்ற இரண்டும் ஆறு கோர்.

இன்று சிறிதாகத் தொடங்கி, வேலை கிடைத்த பின் நுண்செயலியை மட்டும் மாற்றிக்கொள்வேன் என்போர் ஏ.எம்.5-ஐ எண்ணலாம். 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் அதை ஆதரிப்பதாக ஏ.எம்.டி. 2024-இல் அறிவித்தது. இன்டெல்லோ 2024-இல் மேசைக் கணினிகளுக்கு வேறு பொருத்துவாய்க்கு மாறிவிட்டது.

கடையில் நிற்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது: இது பெட்டியோடு வருவதா, 'டிரே' வகையா? பெட்டி வகைக்கு இவ்விரு நிறுவனங்களும் 3 ஆண்டுப் பொறுப்பு ஏற்கின்றன. டிரே வகைக்கு விற்றவரே பொறுப்பு. இரண்டாவது: இந்தப் பலகையின் பயாஸ் இந்த நுண்செயலியை ஏற்குமா? 2018-இல் வந்த பி450 பலகைகள், பயாஸ் புதுப்பித்தால்தான் ரைசன் 5000 வரிசையை ஏற்கும். மூன்றாவது: ஜி.எஸ்.டி. பில் உண்டா? பில் இல்லாமல் சில நூறு குறைத்துத் தருகிறேன் என்றால் ஏமாறவேண்டா. பழுது வந்த நாளில் அந்தத் தாளே நம் துணை.

இந்த ஆண்டு தருமபுரியிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் என்னை அணுகினார். கையில் 55,000 ரூபாய். "அண்ணே, எட்டுக் கோர் வாங்கிடலாமா?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது; வருத்தமும் வந்தது. இருவரும் எஸ்.பி. ரோடு போனோம். பணத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை நுண்செயலிக்கு ஒதுக்கி, ரைசன் 5 5600 எடுத்தோம். அதைப்போல் இரு மடங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கினோம். அதற்குப் பழைய கார்டுதான் கிடைத்தது. கடையிலேயே பூட்டி ஓட்டிப் பார்த்து வாங்கினோம். அன்றிரவே அவர் அறையில் திரை ஒளிர்ந்தது.

பொங்கலுக்கு ஊர் சென்றபோது அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "வாங்குமுன் தெரிந்தவர் யாரையாவது கேட்டிருக்கலாமே, தம்பி" என்றார். அவ்வளவுதான்.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது பிறர் உழைப்பால் வந்த பணம். அதை எண்ணிச் செலவிடுங்கள். மூளை வேண்டும், ஆனால் மூளை மட்டும் போதாது. கண்ணும் கையும் அதற்கு ஈடாக அமைந்தால்தான் அது உடல். கணினிக்கும் அதுவே முறை. ஐயம் இருந்தால் கடைக்காரரைக் கேட்குமுன் நம் மன்றத்து நண்பர்களைக் கேளுங்கள். ஞாயிறுதோறும் எஸ்.பி. ரோடு வர நான் அணியமாக இருக்கிறேன். ஒரு கோப்பைக் காப்பி வாங்கிக் கொடுத்தால் போதும்!