ஒரே ஹார்மோன், மூன்று கணக்கு

ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலையே வெளியிட்டார்கள். அந்தப் பெருமையை நம்பிப் பெட்டைக்குட்டி வாங்கியவர்கள், அது முதன்முதலாக ஹீட்டுக்கு வரும்போது தடுமாறுகிறார்கள். தரையில் ரத்தச் சொட்டைக் கண்டதும், பெண்களுக்கு வரும் மாதவிடாய் போலத்தான் இதுவும் என்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டும் நேரெதிர்.

பெண்ணின் கருப்பை உட்சுவரைத் தடிக்க வைப்பது ஈஸ்ட்ரோஜன். பிற்பாதியில் புரோஜெஸ்டிரோன் அதைப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் இரண்டும் சரிய, சுவர் உதிர்கிறது. நாய்க்கோ ஈஸ்ட்ரோஜன் ஏறும்போதே ரத்தம். எதுவும் உதிர்வதில்லை, நுண்குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் கசிகின்றன. சுமார் 9 நாள் ஆண் நாயை அண்டவிடாது. பிறகு ஈஸ்ட்ரோஜன் இறங்கி, ரத்தம் வெளிறும். அதுதான் கருவுறும் காலம். 'ரத்தம் நின்னுருச்சு, அவிழ்த்து விடலாம்' என்பவர் வீட்டில்தான் தெருநாயின் குட்டிகள் பிறக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால் வேண்டுமென்றால் மாடு சினையாக வேண்டும். 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவம் முழுதாக ஒரு நாள்கூட நிற்பதில்லை. மாடு கத்துவது, மற்ற மாட்டின்மேல் தாவுவது, கண்ணாடிபோல் வழும்பு ஒழுகுவது எல்லாம் ஈஸ்ட்ரோஜனின் வேலை. காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி. மாலையில் கத்தினால் மறுநாள் காலை. பருவம் தணிந்த ஓரிரு நாளில் சில மாடுகளுக்கு ரத்தம் தெரியும். ஊசி பலிக்கவில்லை என்று பதற வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிட்டது, அவ்வளவுதான்.

மூன்று உடலிலும் முக்கிய மூலக்கூறு ஒன்றே: எஸ்ட்ரடயால். ஆணுக்கும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் உடலில் எடுபடாத 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் 1994இல் எழுதினார்கள். அந்த வயதிலும் வளர்ந்துகொண்டிருந்தார், எலும்போ மெலிந்திருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வதும் இதன் குறைவால்தான். அவர்களுக்கு இதை மருந்தாகக் கொடுக்கும்போது, கருப்பை இருந்தால் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர வேண்டும். இல்லாவிட்டால் உட்சுவரில் புற்றுநோய் வரக்கூடும். லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்த கருத்தடை மாத்திரை, கருப்பையில் ஈஸ்ட்ரோஜனையே தடுக்கிறது. அரசு அதை 'சாயா' என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது.

மறுபடி நாய்க்கு வருவோம். தப்பாகச் சேர்ந்த பெட்டைக்குக் கரு தங்காமலிருக்க ஈஸ்ட்ரோஜன் ஊசி போடும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. நாயின் எலும்பு மஜ்ஜை இந்த ஹார்மோனைத் தாங்காது. ரத்த அணு உற்பத்தியே நின்றுபோகலாம், கருப்பையில் சீழ் பிடிக்கலாம். யாராவது அந்த ஊசியைச் சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். நேராகக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.