செக்கு எண்ணெய் விற்பனைக்கு ஊழியர்களின் செல்பேசி

கடலையை மூட்டையாக மண்டிக்கு அனுப்புவதைவிட, எண்ணெயாக ஆட்டி விற்றால் கூடுதல் வருவாய் கிடைக்கும். இதை எண்ணிப் பல உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் செக்கு நிறுவியுள்ளன. ஆனால் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். ஆகவே விலை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். காரணம் அறியாதவர் வாங்கமாட்டார். சரக்கு தேங்கினால் எண்ணெயில் காறல் வாடை வீசும். உறுப்பினர்களின் பங்குப் பணமும் அதில் முடங்கிவிடும்.

பெரிய விளம்பரங்களுக்குச் சிறிய நிறுவனத்தில் பணம் இராது. ஆனால் ஊழியர்களிடம் செல்பேசி இருக்கிறது. பத்து ஊழியர்கள் ஆளுக்கு 200 பேரை அறிவார்கள் என்று கொள்வோம். ஒரே வட்டாரத்தினர் என்பதால் பாதியைக் கழித்தாலும் 1,000 பேருக்குச் செய்தி போய்ச் சேரும். முகம் அறியாத விளம்பரத்தைவிடத் தெரிந்தவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

யார் செய்வது?

விருப்பமுள்ளவர்கள் மட்டும் செய்தால் போதும். செல்பேசி ஊழியரின் சொந்தப் பொருள்; அதிலுள்ள உறவும் நட்பும் அவருடையவை. "கட்டாயம் அனுப்பு" என்று நிர்வாகி உத்தரவிடுவது முறையன்று. மறுப்பவர்மீது வருத்தம் கொள்ளலாகாது. இதற்கென வேலை நேரத்திலேயே வாரம் அரை மணி ஒதுக்கி, இணையச் செலவையும் நிறுவனமே ஏற்பது நல்லது.

என்ன அனுப்புவது?

எல்லோரும் ஒரே வாசகத்தை அனுப்பினால் படிப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும். அவரவர் செய்யும் வேலையை அவரவர் சொல்லட்டும். பருப்பு பொறுக்கும் பெண், பூஞ்சணம் பிடித்த பருப்பை ஏன் ஒதுக்குகிறார் என்று சொல்லலாம். செக்கு ஓட்டுபவர் எண்ணெய் இறங்குவதைப் படம் எடுக்கலாம். புட்டி நிரப்புபவர், எண்ணெயைத் தெளியவிட்டு வடிகட்டும் விதத்தைக் காட்டலாம். வாரத்துக்கு இரண்டு செய்திகள் போதும்.

விலை, எடை, ஆட்டிய தேதி ஆகியவற்றை நிர்வாகி ஒருவரே எழுதித் தரவேண்டும். ஆளுக்கொரு விலை சொன்னால் பெயர் கெடும். ஆர்டர் பெறுவதற்கும் ஒரே எண் இருக்கட்டும். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர்வரை சேர்க்கலாம். அனுப்புபவரின் எண்ணைத் தம் செல்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கே அச்செய்தி போய்ச் சேரும். எனவே புட்டி வாங்க வருபவரிடம் எண்ணைப் பதிந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை

"இந்த எண்ணெயால் சர்க்கரை நோய் தீரும், மாரடைப்பு வராது" என்றெல்லாம் ஆர்வக் கோளாறில் எழுதிவிடக் கூடாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம்பி மருந்தை நிறுத்தியவருக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு?

"நான் இந்த நிறுவனத்தில் வேலை செய்கிறேன்" என்று ஒவ்வொரு செய்தியிலும் தெரிவிக்க வேண்டும். ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அந்த நிறுவனத்துடன் தமக்குள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட விதிமுறை. அதை மறைத்துச் சாதாரண வாடிக்கையாளர்போலப் புகழ்வது ஏமாற்று வேலை. விற்ற புட்டிக்கு இவ்வளவு என்று ஊழியருக்குக் கமிஷன் வைத்தால் மிகைப்படுத்திப் பேசத் தூண்டும். அதைவிட ஆண்டு முடிவில் எல்லோருக்கும் பொதுவாக ஊக்கத்தொகை தருவது மேல்.

குறை கூறி எவரேனும் எழுதினால் ஊழியர் வாதாடக் கூடாது. நிர்வாகிக்குத் தெரிவித்து, அன்றே பதில் தரவேண்டும். புட்டி கசிந்திருந்தால் மாற்றிக் கொடுப்பதே தக்க பதில்.

கணக்குப் பார்த்தல்

எத்தனை பேர் படத்தைப் பார்த்தார்கள் என்பதில் மகிழ வேண்டாம். வாங்க வருபவர் ஒவ்வொருவரிடமும் "யார் சொல்லி வந்தீர்கள்?" என்று கேட்டு நோட்டில் குறித்து வையுங்கள். அதே ஆள் இரண்டாம் முறை வந்தால் தனியாகக் குறியுங்கள். எட்டு வாரம் இப்படிச் செய்தால் உண்மை நிலை விளங்கும். முதல் புட்டி ஊழியரின் முகத்துக்காக விற்கும்; இரண்டாவது புட்டி எண்ணெயின் தரத்துக்காகத்தான் விற்கும். திரும்பி வருபவர் குறைவு என்றால், செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டு முதலில் செக்கையும் பருப்பையும் கவனியுங்கள்.

ஊழியர் தம் உறவினருக்குச் சொல்லும் வார்த்தை, நிறுவனத்துக்கு அவர் தரும் கைமாற்று. தரமான எண்ணெயைக் கொடுத்து அந்தக் கடனைத் தீர்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.